58 வயதில் 20 கிலோ குறைக்கத்தான் வேண்டுமா?

கடிதம் எழுதிய வாசகிக்கு வயது 58. உயரம் 154 செ.மீ., எடை 74 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. இரவிலும் அதே இரண்டும். பிரஷருக்கு அட்டெனோலால். 51 வயதில் மாதவிடாய் நின்றது, அதன் பிறகுதான் வயிறு போட்டது என்கிறார். படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. முன்பு ஒருவேளை மட்டும் சாப்பிட்டு மூன்று மாதத்தில் 7 கிலோ குறைத்திருக்கிறார். அடுத்த ஓராண்டுக்குள் 8 கிலோ திரும்ப ஏறிவிட்டது. இப்போது இரண்டு மாதமாக இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, மாலையில் ஒரு மணி நேரம் நடக்கிறார். குறைந்தது ஒன்றரை கிலோதான்.

"25 வயதில் 54 கிலோ இருந்தேன். அந்த எடைக்கு வர வேண்டும். என் மெட்டபாலிசம் செத்துவிட்டதா? தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். 5.8 இருக்கிறது, டி4 நார்மல்தான், மாத்திரை தேவையில்லை என்று டாக்டர் சொல்கிறார். அவர் அலட்சியமாக இருக்கிறாரோ? என் பெரியம்மா மகள் ஊசி போட்டு 15 கிலோ குறைத்துவிட்டாள். நானும் போடலாமா? 'இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம், விடுங்க' என்கிறான் என் மகன்" என்று கேட்கிறார். நடுவே ஒரு வரி: "ஒருநாள் இரவு பத்து மணிக்குக் குப்பென்று வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொழுப்பு கரைகிறது என்று நினைத்துப் படுத்துவிட்டேன்." கடைசியில் இன்னொரு வரி: "என் கணவருக்கு 66 வயது. எதுவுமே செய்யாமல் எட்டு மாதத்தில் 68 கிலோவிலிருந்து 62-க்கு வந்துவிட்டார். கொடுத்து வைத்தவர்."

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. நீங்கள் கேள்வியாகவே கேட்காத இரண்டு விஷயங்கள் கடிதத்தில் இருக்கின்றன. அவைதான் முதலில்.

கணவரை இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்

அவர் கொடுத்து வைத்தவரா என்பது பரிசோதித்த பிறகுதான் தெரியும். எந்த முயற்சியும் இல்லாமல், ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் தேட வேண்டும். வயது கூடக் கூட இந்த விதியை இன்னும் கறாராகப் பின்பற்ற வேண்டும். 68 கிலோவில் 5 சதவீதம் என்றால் 3.4 கிலோ. அவருக்குக் குறைந்திருப்பது 6 கிலோ, கிட்டத்தட்ட 9 சதவீதம்.

நீங்கள் இரவில் சமைக்காததால் அவரும் குறைத்துச் சாப்பிடுகிறார் என்று தோன்றலாம். கொஞ்சம் பங்கு இருக்கும். ஆனால் உங்கள் வீட்டு அடுப்பு இரவில் அணைந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அவர் எடையோ எட்டு மாதமாக இறங்குகிறது. கணக்கு ஒத்துவரவில்லை.

பதற வேண்டாம். பல் சரியில்லாமல் மெல்ல முடியாதவர், மனச்சோர்வில் பசி போனவர், புதிதாகச் சர்க்கரை நோய் வந்து அது தெரியாமலே இருப்பவர் என்று சிகிச்சைக்கு எளிதில் கட்டுப்படும் காரணங்கள் நிறைய உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, காசநோய், வயிற்றுப் புண், புற்றுநோய் ஆகியவையும் பட்டியலில் உண்டு. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எல்லாவற்றையும் பார்த்த பிறகும் காரணம் அகப்படாது. அவர்களைச் சில மாதம் விடாமல் கண்காணிப்போம், பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருப்பார்கள்.

போகும் முன் அவரிடம் சிலவற்றைக் கேட்டு வையுங்கள். பசி இருந்தும் எடை குறைகிறதா, பசியே இல்லையா? முதலாவது என்றால் சர்க்கரை, தைராய்டு பக்கம் சந்தேகம் போகும். தாகமும் சிறுநீரும் கூடியிருக்கிறதா, நாள்பட்ட இருமல் அல்லது மாலையில் காய்ச்சல் உண்டா, விழுங்கும்போது தொண்டையில் சிக்குகிறதா, மலம் போகும் பழக்கம் மாறியிருக்கிறதா, மலத்தில் ரத்தம் தெரிகிறதா? எந்த மருந்தாவது புதிதாக ஆரம்பித்தாரா? ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், மார்பு எக்ஸ்ரே என்று எளிய பரிசோதனைகளில்தான் மருத்துவர் தொடங்குவார். அதுவரை அவருக்கு மூன்று வேளையும் முழுச் சாப்பாடு போடுங்கள். உங்கள் டயட் அவருக்கு வேண்டாம்.

அந்த இரவு கரைந்தது கொழுப்பு அல்ல

பெரும்பாலும் அது லோ சுகர். கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் நடந்து, இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, இரவு மாத்திரையை மட்டும் விடாமல் போட்டால் சர்க்கரை சரிவதற்கு வேண்டிய எல்லாம் சேர்ந்துவிட்டது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்களுக்கு அப்படியல்ல.

அட்டெனோலால் வேறு இருக்கிறது. சர்க்கரை இறங்கும்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அதுதான் உடல் அடிக்கும் அபாய மணி. அட்டெனோலால் அந்தப் படபடப்பை அமுக்கிவிடும். வியர்வையை அமுக்காது. உங்களுக்கு வியர்த்தது மட்டும் தெரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இனி அப்படி வந்தால் படுக்காதீர்கள். குளுக்கோமீட்டர் கைவசம் இருந்தால் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வழியே இல்லையென்றால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. சரியானதும் ஏதாவது சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் டயட்டைப் பற்றி யோசிக்கவே கூடாது.

உங்கள் மருத்துவரைப் பார்க்கும் வரை இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். அளவைக் குறைத்துக்கொள்ளலாம், விடக் கூடாது. மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். குறிப்பாக அட்டெனோலாலைத் திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்குக் கெடுதல். "சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன், மாத்திரையை அதற்கேற்ப மாற்றிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எடை குறையத் தொடங்கினால் பிரஷர் மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அதற்கான நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இதில் உங்களுக்குப் பிடித்தமான செய்தி ஒன்றும் இருக்கிறது. கிளிமிபிரைடு எடையைச் சற்று ஏற்றக்கூடிய மருந்து. அட்டெனோலாலும் கொஞ்சம் ஏற்றும். சர்க்கரைக்கு எடையைக் கூட்டாத, ஏன், குறைக்கவே செய்கிற மருந்துகள் இன்று இருக்கின்றன. உங்கள் இதயம், சிறுநீரக நிலையைப் பார்த்து மாற்ற முடியுமா என்று கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் பட்டினி கிடந்து குறைக்க முயலும் எடையில் ஒரு பங்கை மாத்திரைச் சீட்டைத் திருத்தியே குறைக்க முடியலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. டப்பாகுளிஃப்ளோசின் போன்ற, சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைக்கு மாறினால், பட்டினியும் மாவுச்சத்தை அடியோடு ஒதுக்கும் டயட்டும் அதனுடன் கூடாது. ரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தாகிவிடும்.

மெட்டபாலிசமும் தைராய்டும்

உங்கள் மெட்டபாலிசம் சாகவில்லை. 2021-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் அதிகமானோர். பிறந்து எட்டே நாளான குழந்தையிலிருந்து 95 வயது முதியவர் வரை. ஒவ்வொருவரும் ஒரு நாளில் உண்மையில் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறார் என்று அளந்தார்கள். உடலின் பருமனையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை அந்தச் செலவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. மாதவிடாய் நிற்கும் வயதிலும் எந்தச் சரிவும் தெரியவில்லை. 60-க்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் வீதம் இறங்குகிறது.

அப்படியானால் வயிறு எப்படிப் போட்டது? மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கொழுப்பு இடம் மாறுகிறது. முன்பு தொடையிலும் பின்புறத்திலும் சேர்ந்தது இப்போது வயிற்றுக்குள் சேர்கிறது. எடை மாறாமல் இருந்தாலும் துணி இறுக்கும். கிலோ கணக்கு ஏறியதற்குக் காரணம் வேறு. ஆண்டுதோறும் கொஞ்சம் குறைந்துகொண்டே வரும் நடமாட்டம், கெட்டுப்போன தூக்கம், மேலே சொன்ன மாத்திரைகள், கரைந்துவரும் தசை. 30 வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, 60-க்குப் பிறகு இன்னும் வேகமாக. இந்தக் காரணங்களில் பாதிக்கு மேல் நம் கையில் இருப்பவை.

தைராய்டு விஷயத்தில் உங்கள் மருத்துவர் அலட்சியமாக இல்லை. அவர் சொன்னது சரி. டி4 நார்மலாக இருந்து, டி.எஸ்.எச். 5.8 என்று லேசாக உயர்ந்திருப்பது எடை ஏற்றத்துக்குக் காரணம் ஆகாது. வயது ஏறும்போது அந்த அளவு இயல்பாகவே சற்று உயரும். தைராய்டு நன்றாகவே குறைந்துபோனவர்களுக்குக்கூட அதனால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோக்கள்தான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். தேவையில்லாமல் தைராக்ஸின் சாப்பிட்டால் எடை குறையாது. அளவு கூடிவிட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருமுறை திரும்பப் பாருங்கள், டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் பேச்சு வேறு.

போன தடவை 7 கிலோ போனதே, எதிலிருந்து போனது?

எடை குறைக்க வருகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைக் கேட்பதில்லை. என் பார்வையில் உங்கள் வயதுக்குக் கேள்வி இதுதான். எடை பார்க்கும் மெஷினுக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். உங்களுக்கு அப்படியல்ல.

மாதவிடாய் நின்ற பெண்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2011-ல் வெளியானது. எடை குறைந்தபோது ஒவ்வொரு கிலோ கொழுப்புடனும் 260 கிராம் தசை போன்ற கொழுப்பற்ற திசு போனது. எடை திரும்பியபோது ஒவ்வொரு கிலோ கொழுப்புடனும் 120 கிராம்தான் வந்தது. இந்த விகிதம் உங்களுக்கும் பொருந்தியிருந்தால் கணக்கு இப்படி: 7 கிலோ குறைந்ததில் ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தசை போயிருக்கும், 8 கிலோ ஏறியதில் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் மட்டும் திரும்பியிருக்கும். மொத்தத்தில் ஒரு கிலோ ஏறியதாக மெஷின் சொன்னது. உள்ளே, கொழுப்பு ஒன்றரை கிலோ கூடி, தசை அரைக்கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறது. இப்படி நான்கைந்து முறை இறக்கி ஏற்றினால் 70 வயதில் நாற்காலியிலிருந்து எழக் கைப்பிடி தேட வேண்டியிருக்கும்.

திரும்ப ஏறியதற்காக உங்களை நீங்களே திட்டியிருக்கிறீர்கள். "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்ற வாக்கியம் கடிதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. அது நியாயமில்லை. வேகமாக எடை குறைத்தவர்களின் பசி ஹார்மோன்கள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் கூடுதலாகவே இருந்தது என்று 2011-ல் வந்த வேறோர் ஆய்வு காட்டியது. உடல் இழந்த எடையைத் திரும்பக் கேட்கிறது. மூன்று மாதம் மல்லுக்கட்டி ஜெயித்தவர் நான்காவது மாதம் தோற்பது பலவீனத்தால் அல்ல.

ஆகவே 54 கிலோவை மறந்துவிடுங்கள். 74-லிருந்து 54 என்பது உடலில் 27 சதவீதம். அதை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. 69 கிலோ, ஆறு மாதத்தில். இதுதான் என் இலக்கு. 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கேட்க அற்பமாக இருக்கும். சர்க்கரை, பிரஷர், ரத்தக் கொழுப்பு மூன்றும் நகர்வதற்கு 5 முதல் 7 சதவீதமே போதும். முழங்காலுக்கோ இதைவிட நல்ல செய்தி: உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டின் மீது விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவர் அடிக்கு 20 கிலோவை இறக்கி வைக்கிறார். இப்போது இரண்டு மாதத்தில் ஒன்றரை கிலோ என்று நொந்திருக்கிறீர்களே, அது மோசமான வேகமே இல்லை. மாதம் ஒரு கிலோ போதும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

எடையைவிட டேப்பை நம்புங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது, உங்களுக்கு அது 77 செ.மீ. 98-லிருந்து 77 தொலைவு. முதல் 5 செ.மீ. இறங்கட்டும், பிறகு பேசலாம். கீழ் விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

தசையைக் காப்பாற்றிக்கொண்டு குறைப்பது

இன்று ஒரு சோதனை செய்யுங்கள். சுவரோரம் போட்ட கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். யாராவது பக்கத்தில் நின்று நேரம் பார்க்கட்டும். 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை பலம் குறைந்திருக்கிறது. முழங்கால் வலியாலும் நேரம் கூடலாம், பரவாயில்லை. அந்த எண்ணை எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து எடை அப்படியே இருந்து, இந்த நேரம் மட்டும் குறைந்திருந்தால்கூட நான் உங்களைப் பாராட்டுவேன்.

நடப்பது நல்லது, விடாதீர்கள். ஆனால் உங்கள் எடைக்கு ஒரு மணி நேர நடை சுமார் 250 கலோரி. நாலு பிஸ்கட் அதைத் தின்றுவிடும். நடையால் இதயமும் சர்க்கரையும் மனதும் நன்றாக இருக்கும். தசையைக் காக்க அது போதாது. 2017-ல் வெளியான ஆய்வொன்றில், உடல்பருமனுள்ள 65 வயதுக்கு மேற்பட்ட 160 பேரைப் பிரித்து, எடை குறைப்போடு சிலருக்கு நடை போன்ற பயிற்சி, சிலருக்குப் பளு தூக்கும் பயிற்சி, சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். மூன்று பிரிவினருக்கும் எடை ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்தது. நடை மட்டும் செய்தவர்கள் தசையில் 5 சதவீதம் இழந்தார்கள், இரண்டும் செய்தவர்கள் 3, பளு மட்டும் தூக்கியவர்கள் 2. அன்றாட நடமாட்டத்தில் அதிகம் முன்னேறியவர்கள் இரண்டும் செய்தவர்கள். இடுப்பெலும்பின் அடர்த்தி அதிகம் குறைந்ததும் பளு தூக்காதவர்களுக்குத்தான்.

பளு என்றதும் ஜிம் நினைவுக்கு வர வேண்டாம். நாற்காலியில் எழுந்து உட்காருவதே முதல் பயிற்சி. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, தண்ணீர் பாட்டிலை இரு கையிலும் ஏந்தித் தோளுக்கு மேல் தூக்குவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு முறை. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் பாரத்தைக் கூட்டுங்கள். நடக்கும் நேரத்தில் வாரம் இரண்டு நாளை இதற்குக் கொடுத்தாலும் சரிதான். மூச்சை அடக்கித் தூக்காதீர்கள். ஒன்பது ஆண்டு சர்க்கரை என்பதால், தொடங்கும் முன் விழித்திரைப் பரிசோதனை முக்கியம். விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் கடும் பளு கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் செருப்பையும் கவனிக்க வேண்டும்.

சாப்பாட்டில் நான் முதலில் பார்ப்பது புரதம். உங்கள் வயதில் எடைக்கு ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது பொதுப் பரிந்துரை. உங்களிடம் உள்ள கூடுதல் எடையைக் கழித்துப் பார்த்தால் நாளைக்கு 60 முதல் 75 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவேளைச் சாப்பாட்டில் இது முடியாத காரியம், முடிந்தாலும் பயன் குறைவு. மூன்று வேளைக்கும் 20, 25 கிராமாகப் பிரித்தால்தான் வயதான தசை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு முட்டையில் 12 கிராமுக்குச் சற்று மேல், ஒரு டம்ளர் பாலில் 6, சமைத்த பயறு 100 கிராமில் 8 அல்லது 9, சமைத்த மீன் அல்லது கோழி 100 கிராமில் 20-க்கு மேல். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்த்த பிறகு இந்த அளவுக்குப் போங்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் கணக்கு மாறும்.

மீதிக்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. தட்டில் பாதி காய்கறி, மாவுச்சத்து இப்போதைய அளவில் மூன்றில் இரண்டு பங்கு, இனிப்புப் பானம் வேண்டாம். நாளைக்கு 300 முதல் 500 கலோரி குறைந்தால் போதும். கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லும் பொடி, டீ, மாத்திரை எதையும் வாங்காதீர்கள். இதய ஆபத்துக்காக 2010-ல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்ட சிபுட்ராமின் என்ற மருந்தை, லேபிளில் போடாமலே இப்படிப்பட்ட பொருள்களில் கலந்து விற்றது பலமுறை பிடிபட்டிருக்கிறது. கல்லீரல் கெட்டவர்களும் உண்டு.

ஊசி

ஊசி போட்டுக் குறைத்தால் ஏமாற்று என்று நினைப்பவன் அல்ல நான். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 31, கூடவே சர்க்கரை என்றால் மருத்துவ அளவுகோல்படி நீங்கள் அதைக் கேட்கலாம். உங்களுக்கு அது கிளிமிபிரைடுக்கு மாற்றாகவும் அமையக்கூடும். ஆனால் பெரியம்மா மகளின் 15 கிலோவை உங்களுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். செமகுளூடைடு என்ற எடை குறைக்கும் ஊசியை 68 வாரம் போட்ட ஆய்வுகளில், சர்க்கரை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு 10 சதவீதத்தை எட்டவில்லை. நிறுத்தியவர்களுக்கு அடுத்த ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. நீண்ட காலம் போட வேண்டிய மருந்தாகவே இதை நினைக்க வேண்டும்.

எனக்குள்ள பெரிய கவலை, பசியே இல்லாமல் போவதால் புரதமும் போய்விடும் என்பதுதான். வாந்தியும் மலச்சிக்கலும் வேறு. ஊசி எடுத்துக்கொண்டால் பளுப் பயிற்சி இரட்டிப்பு முக்கியம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ, உங்களுக்குக் கணைய அழற்சி வந்திருந்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரை வேகமாக இறங்கும்போது விழித்திரைக் கோளாறு சிலருக்கு மோசமாகலாம், ஆகவே கண் பரிசோதனை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கிளிமிபிரைடு அளவைக் குறைக்காமல் ஊசியைத் தொடங்கக் கூடாது. உறவினர் தரும் ஊசியையோ, சீட்டில்லாமல் ஆன்லைனில் கிடைப்பதையோ தொடவே வேண்டாம். முதலில் மூன்று மாதம் மாத்திரை மாற்றம், பயிற்சி, மூன்று வேளைச் சாப்பாடு. அதற்குப் பிறகும் டேப் நகரவில்லை என்றால் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

மகன் சொல்வதில் பாதி சரி. 65, 70 வயதைத் தாண்டியவர்களிடம் சற்றுக் கூடுதலான எடை கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை, ஒல்லியாக இருப்பதுதான் ஆபத்து. 70 வயதில், நோய் எதுவுமின்றி, நன்றாக நடமாடும் ஒருவர் நாலைந்து கிலோ கூடுதல் என்று வந்தால் நானும் "விடுங்க" என்றுதான் சொல்வேன். உங்கள் நிலை வேறு. சர்க்கரை, முழங்கால், 98 செ.மீ. இடுப்பு மூன்றும் குறைப்பதற்கான காரணங்கள். வயதானால் பயன் இருக்காது என்பதும் உண்மையல்ல. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்களை வைத்து 2002-ல் வந்த ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தவர்களுக்கு நோய் வருவது மொத்தத்தில் 58 சதவீதம் குறைந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 71 சதவீதம். உங்களுக்கு நோய் வந்துவிட்டது, ஆகவே அந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் வயதானவர்களின் உடல் இந்த மாற்றங்களுக்கு இளையவர்களைவிட மோசமாகப் பதில் சொல்லவில்லை என்பதை மகனிடம் சொல்லலாம்.

உங்கள் மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். ஒரு வாரத்துக்கு வெறும் வயிற்றிலும் இரவு படுக்கும் முன்பும் பார்த்த சர்க்கரை அளவுகள், இடுப்பளவு, நாற்காலிச் சோதனையின் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), சிறுநீரகம், கண், அத்துடன் வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் மெட்ஃபார்மின் அதைக் குறைக்கும். குறட்டை பலமாக உண்டா, பகலில் தூக்கம் தள்ளுகிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு இருந்தால் அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. 69 கிலோ வந்ததும் மூன்று மாதம் அங்கேயே நில்லுங்கள், அதற்கு மேல் குறைக்க வேண்டுமா என்பதை அப்போது முடிவு செய்யலாம்.